காதுக் காளானுக்கு ஒரு வரிசை

பனிச்சேரியில் காலைச் சாப்பாடு முடியும்போது பெரும்பாலானவர்கள் இன்னும் கண் விழித்திருக்க மாட்டார்கள்.

படுக்கையின் ஓரத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று தானாக நீண்டு வரும். தொப்புளுக்குச் சற்று மேலே பொருத்தியிருக்கும் வயிற்றுவாசலைத் தடவித் தேடி, ‘களுக்’ என்று பூட்டிக்கொள்ளும். ஊண்நீர் உள்ளே இறங்கும். அதே வேளையில் நாக்கின் அடியில் பதித்த சுவைச்சில்லு, முந்தின நாள் கேட்டுவைத்ததை நாக்குக்கு எடுத்துச் சொல்லும்: நெய் ரோஸ்ட், வெங்காயச் சட்னி, கடைசியாக ஒரு காபி. வாய் மூடியபடியே இருக்கும். சிலருக்குக் குறட்டைகூட நிற்காது. உடம்புக்கு வேண்டியது வயிற்றுக்கு, மனசுக்கு வேண்டியது நாக்குக்கு என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டதால், நடுவில் வாய் என்கிற தரகருக்கு வேலை போய்விட்டது.

வேலை அடியோடு போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் குடிக்க வாய் வேண்டியிருந்தது, பேசவும் வேண்டியிருந்தது. பற்களும் இருந்தன, சிரிக்கும்போது உள்ளே வெறுமையாகத் தெரியக் கூடாது என்பதற்காக.

வியாழனின் நிலவுகளில் ஒன்றான கலிஸ்டோவில், பனிக்கு அடியில் குடைந்து கட்டிய ஊர் அது. கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஆட்கள் மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்து இறங்கியதால் அப்படி ஒரு பெயர். ஊருக்கு நடுவில் மூச்சுத்தோட்டம் இருந்தது. முருங்கையும் அகத்தியும் பூவரசும் விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்து ஊருக்கு மூச்சுக்காற்றைக் கொடுத்தன. முருங்கைக்காயை என்ன செய்வது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அது பாட்டுக்குக் காய்த்து, முற்றி, வெடித்து விழுந்தது.

கலியபெருமாளுக்கு அந்தத் தோட்டத்தில்தான் வேலை. கிளைகழிப்பு மேற்பார்வையாளர். கிளைகளைக் கழிப்பவை ஏவலர்கள் எனப்படும் ஆறு கை எந்திரங்கள். அவை கழிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் கலியபெருமாள். “நான் இல்லன்னாலும் வேல நடக்கும். நான் இருந்தா கொஞ்சம் மெதுவா நடக்கும்” என்று அவரே சொல்லுவார். சொல்லிவிட்டு முதலில் சிரிப்பவரும் அவரே. பல நேரம் அவர் மட்டுமே.

கழித்த கட்டைகளை அடுக்க, தோட்டத்துக்குக் கீழே சரிந்து இறங்கும் பனிச் சுரங்கத்தின் கடைக்கோடியில் ஓர் அறை இருந்தது. அணுவுலையின் வெந்நீர்க் குழாய் அதன் வழியாகப் போனது. குழாய் லேசாக ஒழுகியது. அடைக்கச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைத்தே கலியபெருமாள் பல காலத்தை ஓட்டிவிட்டார். மனித குலத்தின் சோம்பலால் விளைந்த நன்மைகள் என்று யாராவது ஒரு நூல் எழுதினால் அந்த ஒழுகலுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும். ஒரு நாள் அவர் கதவைத் திறந்தபோது, ஈரத்திலும் சூட்டிலும் ஊறிக் கிடந்த முருங்கைக் கட்டைகள் பூராவும் காது முளைத்திருந்தது.

பழுப்பும் கறுப்புமாகக் காதுகள். மடல் இருந்தது, மடிப்பு இருந்தது. வெளிப்பக்கம் பூனைக்குட்டி முதுகு மாதிரி மெல்லிய ரோமம்கூட இருந்தது. தொட்டால் வழவழவென்று நடுங்கின. கலியபெருமாள் கதவைச் சாத்திவிட்டு, அண்மையில் யாரைப் பற்றியாவது இந்த அறையில் நின்று புறம் பேசினோமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நாடியிடம் போனார்.

நாடி ஊர் மருத்துவர். எந்திரம்தான், ஆனாலும் அம்மா என்று கூப்பிடாதவர் கிடையாது. ஊரில் ஒவ்வொருவர் உடம்பும் எப்படி இருக்கிறது என்று வயிற்றுவாசல் வழியாக அதற்குத் தெரியும். பொய் சொல்லத் தெரியாது. அதனாலேயே அதனிடம் யாரும் அதிகமாகக் கேள்வி கேட்பதில்லை.

கலியபெருமாள் கொண்டுவந்த காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நாடி, அதன் பெயர் காதுக் காளான் என்றது. பூமியிலிருந்து வந்த கன்றுகளோடு அதன் வித்துத்தூள் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். சீனா, வியட்நாம், பர்மா என்று பல நாட்டுச் சமையலறைகளில் அதற்கு இடம் இருந்தது. காயவைத்தால் சுருங்கிச் சருகாகும், ஊறவைத்தால் பல மடங்கு உப்பி மறுபடியும் காதாகும். பழைய சீன வைத்தியத்தில் தொண்டைக்கும் இரத்தத்துக்கும் நல்லது என்று கொடுத்திருக்கிறார்கள்.

“இதில் நஞ்சு இல்லை. சுவையும் இல்லை. உண்ணலாம்” என்று முடித்தது நாடி.

“ருசியே இல்லன்னா எதுக்கும்மா சாப்ட்டாங்க?”

“பதிவுகளில் ஒரே ஒரு காரணம்தான் கிடைக்கிறது. மெல்லும்போது சத்தம் வருமாம்.”

அன்றைக்கே கலியபெருமாள் அந்த அறையில், வெந்நீர்க் குழாயில் பிடித்த நீரில் ஒரு காதை வேகவைத்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வாயில் போட்டார். பற்களை எப்படி வைப்பது என்று தெரியவில்லை. முதலில் கன்னத்தைக் கடித்துக்கொண்டார். பிறகு சரியாக அகப்பட்டது.

கறுக்.

சத்தம் வெளியிலிருந்து வரவில்லை. தாடை வழியாக ஏறி, மண்டைக்குள் சுற்றி, உள்பக்கமாகக் காதுக்கு வந்தது. கறுக், மொறுக், கறுக். இத்தனை வயது வரைக்கும் தன் தலைக்குள் இப்படி ஒரு மண்டபம் இருந்ததே தெரியாமல் வாழ்ந்துவிட்டோமே என்று அவருக்குத் தோன்றியது. நாக்கில் எந்தச் செய்தியும் இல்லை. நெய் இல்லை, சட்னி இல்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. மென்று முடித்து விழுங்கியபோது தொண்டை அதை ஒரு விருந்தாளியை வரவேற்பது போல வாங்கிக்கொண்டது.

அடுத்த நாள் மனைவி பூங்காவனத்தைக் கூட்டிவந்தார். பூங்காவனம் காற்றுச் சல்லடைப் பிரிவில் வேலை செய்பவள், ஊரின் தூசும் பேச்சும் ஒருசேர வந்து படிகிற இடம் அது. கலியபெருமாள் தோட்டத்து முருங்கைக் கீரையும் எலுமிச்சம்புல்லும் போட்டுக் கொதிக்கவைத்த நீரில் உப்பிட்டு, காளானை நறுக்கிப் போட்டிருந்தார். சாப்பிடாத ஊரில் கிண்ணத்துக்கு எங்கே போவது? பழுதான தோட்ட விளக்குகளின் மூடிகளைக் கழற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார். பூங்காவனம் மென்றாள். மூடி காலியானதும் நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் வைங்க.”

இரண்டாவது மூடியோடு இரண்டு பேரும் கட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். வாய்க்கு வேலை வந்ததாலோ என்னவோ, இடையிடையே பேச்சும் வந்தது. வேலை நேரம் வேறு வேறாக இருந்ததால் ஆளுக்கொரு நேரம் தூங்கி, தூக்கத்திலேயே சாப்பிட்டு வந்த தம்பதி அவர்கள். பூங்காவனத்துக்குத் தன்னுடைய நகைச்சுவையில் பாதிக்கு மேல் பிடிக்காது என்பது கலியபெருமாளுக்கு அன்றுதான் தெரிந்தது. மீதிப் பாதி பிடிக்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

இந்தச் சந்தோஷம் ஊருக்கே கிடைக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். நல்ல மனுஷர்கள் தொல்லை கொடுக்க ஆரம்பிப்பது இப்படித்தான்.

கண்ணில் பட்டவர்களை எல்லாம் அழைத்தார். சுரங்கச் சரிவில் இறங்கி வரவே பலருக்கு மனம் வரவில்லை. வந்தவர்களும் மூடிக்குள் மிதந்த காதுகளைப் பார்த்துவிட்டுத் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ஜெயக்கொடி ஒரு துண்டை விரல் நுனியில் தூக்கிப் பிடித்து, “கடிச்சா பல்லு தேஞ்சிடாதாண்ணே? சிரிக்கறதுக்கு இதுதானே இருக்குது” என்று கேட்டாள். ருசி எப்படி இருக்கும் என்று கேட்டவர்களிடம் கலியபெருமாள் உள்ளதை உள்ளபடி சொன்னார்: ருசியே இருக்காது. ஒரு பொருளை விற்பதற்கு இதைவிட மோசமான வாசகம் கலிஸ்டோவில் அதுவரை உருவாகியிருக்கவில்லை. அவர் விற்கவும் இல்லை, சும்மா கொடுத்தார். அது இன்னும் மோசம்.

இதற்கு நடுவில் ஊர் நிர்வாகி ரெஜினா அறைக்கு வந்தார். ஊரின் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் பங்கிடுவது அவர் பொறுப்பு. கெட்டவர் இல்லை. யாருக்கும் குளிராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கவலையில் எப்போதும் கொஞ்சம் குளிர்ந்தே இருப்பவர், அவ்வளவுதான். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குச் சூடு கிடையாது என்பது பனிச்சேரியின் முதல் சட்டம். குழாயின் ஒழுகலை அடைத்து, வெந்நீரை வேறு வழியில் திருப்பிவிட்டு, அறையை ஏவலர்களின் உதிரிக் கைகளை அடுக்கும் கிடங்காக மாற்றப்போவதாகச் சொன்னார்.

“காஞ்சு செத்துடும் மேடம்” என்றார் கலியபெருமாள்.

“யாரு சார் சாப்பிடறாங்க?”

“நானும் என் வீட்டுக்காரியும்.”

ரெஜினா கட்டைகளைப் பார்த்தார். அத்தனை காதுகளும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தன. கடைசியில், ஒரு சுற்று அவகாசம் தருவதாகச் சொன்னார். கலிஸ்டோ வியாழனை ஒரு தடவை சுற்றி வரும் காலம் அது, பூமிக் கணக்கில் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். அதற்குள் ஊர் இங்கே வந்து போக ஆரம்பித்தால் அறை பிழைக்கும். இல்லையென்றால் கிடங்கு.

கலியபெருமாள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சிரிக்கிற ஆள் சிரிக்காமல் உட்கார்ந்தால் வீட்டில் ஒரு விளக்கு குறைந்த மாதிரி இருக்கும். பூங்காவனம் என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தப்பு அவர்மேல்தான் என்றாள்.

“வா வான்னு கூப்ட்டு, தட்டுல வச்சிக் குடுத்தா எவன் வருவான்? நாளையிலேருந்து யாரையும் கூப்பிடாதீங்க. கேட்டா இல்லன்னு சொல்லுங்க.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“ஒண்ணுமே சொல்ல வாணாம்ங்கறேன்.”

மறுநாள் சல்லடைப் பிரிவில் ஜெயக்கொடி வந்து, அண்ணனுடைய காளான் என்ன ஆச்சு, யாராவது தின்றார்களா என்று கிண்டலாக விசாரித்தாள். பூங்காவனம் சல்லடையைத் தட்டிக்கொண்டே அக்கம்பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “அத வுடு ஜெயா. அதப் பத்திப் பேசக் கூடாதுன்னு இருக்குது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, பேசக் கூடாது என்று முடிவு செய்தவளே அவள்தான்.

ஜெயக்கொடி வீட்டுக்கு நடந்து போகும் வழியிலேயே மீதி எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துவிட்டாள். கலியபெருமாள் அண்ணன் முன்பைவிட வேகமாக நடக்கிறார். பூங்காவனத்தின் முகத்தில் ஒரு பளபளப்பு தெரிகிறது. ஆகவே அது மூட்டுவலிக்கான மருந்து. பூமியின் ஈர்ப்பில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும் ஊரில், கல்லைத் தூக்கிப் போட்டால் யோசித்து யோசித்து விழும் ஊரில், மூட்டுவலி எப்படி வரும் என்று கேட்கக் கூடாது. அது முன்னோர் விட்டுப்போன சொத்து, யாரும் பங்கை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

பனிச்சேரிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் காதுக்குள் உட்செவி என்று ஒரு கருவி உண்டு. ஊர்ச் செய்தி எல்லாம் அதில்தான் வரும். அன்று மாலைக்குள் அதில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்தது. மூட்டுவலி, முடி உதிர்தல், சர்க்கரை, மாமியார் கோபம் அனைத்தையும் தீர்க்கும் காதுக் காளான். பூமியில் சீனப் பேரரசர்கள் மட்டும் உண்டது. பெரிய மருந்துக் கம்பெனிகள் இதை உலகத்துக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தன. உங்கள் அன்புக்குரியவர்களுக்கு உடனே பகிரவும். கலியபெருமாளுக்கே அது நாலைந்து பேரிடமிருந்து வந்தது. கேட்டுவிட்டு அவரும் ஒரு கணம் அசந்துதான் போனார்.

அறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இப்போது யாரும் காதைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. பயபக்தியோடு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்கள். கலியபெருமாளால் சந்தோஷப்பட முடியவில்லை. ஒரு முதியவர் கறுக் கறுக் என்று மென்றுகொண்டே, தன் இதயத்துக்கு நாடி கொடுக்கும் மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். கலியபெருமாள் கரண்டியைக் கீழே வைத்தார். அன்றைக்கு அறையைப் பூட்டிக்கொண்டு நேராக நாடியிடம் போனார்.

“நீ ஊருக்குச் சொல்லிடும்மா. இது மருந்து இல்லன்னு சொல்லிடு.”

“சொன்னால் உங்கள் அறைக்கு வருபவர்கள் குறையக்கூடும்.”

“தெரியும். சொல்லிடு.”

அறை போனால் போகட்டும், கட்டை போனால் போகட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். நாடி உடனே ஊர் முழுவதற்கும் உட்செவி வழியாக அறிவித்தது: காதுக் காளான் நார்ச்சத்துள்ள உணவு. மூட்டுவலியையோ வேறு எந்த நோயையோ அது குணப்படுத்தும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. யாரும் தங்கள் மருந்தை நிறுத்தக் கூடாது.

அடுத்த நாள் கலியபெருமாள் அறைக்குப் போக முடியவில்லை. சுரங்கச் சரிவு முழுவதும் ஜனம்.

இல்லாத ஒன்றை இல்லை என்று எதற்கு அறிவிக்க வேண்டும் என்பதுதான் ஊரின் ஒரே கேள்வியாக இருந்தது. அதுவரைக்கும் சும்மா சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அந்த அறிவிப்பைக் கேட்டபின் சந்தேகம் தீர்ந்துவிட்டது. நாடியே பயப்படுகிறது என்றார்கள். யாரோ நாடியின் வாயை அடைத்திருக்கிறார்கள் என்றார்கள். மருந்தை நிறுத்தக் கூடாது என்ற பகுதியை மட்டும் நம்பி, இதய மருந்தையும் விடாமல் காளானுக்கும் வந்து நின்றார் அந்த முதியவர். பாதுகாப்பான ஆள்.

ஏவலரை அனுப்பி வாங்கிவரச் சொல்லலாம் என்று சிலர் பார்த்தார்கள். சுரங்கத்தின் ஈரம் பட்டதும் ஆறு கைகளும் இறுகிப்போய், ஏவலர்கள் சரிவில் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. வீட்டுக்கு எடுத்துப்போகவும் வழி இல்லை, விளக்கு மூடிகள் கொஞ்சம்தான் இருந்தன, ஒருவர் தின்று கொடுத்தால்தான் அடுத்தவருக்கு. கலியபெருமாள் காயவைத்துப் பெட்டியில் சேர்த்திருந்த காளான் ஊறி உப்ப நேரம் ஆகும். ஆகவே ஒரே வழிதான் இருந்தது: நடந்து வருவது, நிற்பது, முறை வந்ததும் கட்டையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரோடு மெல்வது.

வரிசை என்பதையே அந்த ஊர் கண்டதில்லை. முதலில் எப்படி நிற்பது என்று தெரியாமல் வட்டமாக நின்றார்கள். பிறகு யார் யாருக்கு முன்னால் என்று சண்டை வந்தது. சண்டையில் பேச்சு வந்தது. பேச்சில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல காலமாக வாழ்பவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஜெயக்கொடி வரிசையின் முன்கோடிக்கும் பின்கோடிக்குமாக நடந்து, இங்கே கேட்டதை அங்கே சேர்த்தாள். உட்செவியைவிட அவள் வேகமாக இருந்தாள், சுவையாகவும் இருந்தாள்.

சுற்று முடிகிற நாளன்று ரெஜினா வந்தார். ஆய்வுக்கு வந்திருப்பதாக முன்னால் நின்றவரிடம் சொன்னார். அவரும் ஆய்வுக்குத்தான் வந்திருப்பதாகச் சொல்லி, இடம் தர மறுத்துவிட்டார். ரெஜினா தன் முறை வரும்வரை நின்றார். கலியபெருமாள் ஊறிய காளானை மூடியில் போட்டு, கொதிநீர் ஊற்றி நீட்டினார். ரெஜினா வாயில் போட்டார். அறை பூராவும் மெல்வதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது.

கறுக்.

நிர்வாகியின் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. எப்போதும் விறைப்பாக இருக்கும் தோள் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, “இது உள்ள கேக்குது சார்” என்றார், ஒரு குழந்தை சொல்வது போல. பிறகு தன் பதவி நினைவுக்கு வந்து, குழாய் இன்னும் கொஞ்சம் நன்றாக ஒழுகட்டும் என்று உத்தரவு போட்டார்.

அறை பிழைத்தது. கலியபெருமாள் அன்றைக்கு ஒரு நகைச்சுவை சொன்னார், ஜனம் வாய் நிறையக் காளானோடு சிரித்தது. அவருடைய வாழ்க்கையில் ஒரு கூட்டமே சிரித்தது அதுதான் முதல் தடவை. பூங்காவனம் அது பிடிக்காத பாதியைச் சேர்ந்தது என்றாள். ஆனாலும் சிரித்தாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் மனித குலத்தைப் பற்றி நமக்கு நல்ல அபிப்பிராயமே மிஞ்சியிருக்கும்.

பிரச்சினை நாடியிடமிருந்து வந்தது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாதது போலவே, தெரிந்த உண்மையைச் சொல்லாமல் இருக்கவும் தெரியாது. சில சுற்றுகள் போனபின் ஊரின் உடல்நிலையைப் பார்த்து அது குழம்பியது. இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. தூக்கம் ஆழமாகியிருந்தது. தனியாக இருக்கும்போது காரணமில்லாமல் வருகிற அந்தப் பழைய பனிச்சேரி ஏக்கம் பெரும்பாலானவர்களுக்கு வரவே இல்லை. மூட்டுவலி, அதுவரை இருந்திருந்தால், சுத்தமாகப் போயிருந்தது. நாடி காளானைத் துருவித் துருவிச் சோதித்தது. நார்ச்சத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. பிறகு ஆட்களைச் சோதித்தது. கடைசியில் ஊர் பூராவையும் சுரங்கச் சரிவில் கூட்டி, முடிவை அறிவித்தது.

“மருந்து காளானில் இல்லை. சரிவில் இறங்கி ஏறுகிறீர்கள். ஒருவர் பின் ஒருவராக நின்று பேசுகிறீர்கள். அருகருகே அமர்ந்து மெல்கிறீர்கள். உங்களைக் குணப்படுத்தியது இந்த வரிசை.”

ஊர் ஆரவாரம் செய்தது. கலியபெருமாளுக்குக் கண் கலங்கியது. எல்லோருக்கும் உண்மை புரிந்துவிட்டது, இனி மருந்து என்ற பேச்சே வேண்டாம், வருபவர்கள் சந்தோஷத்துக்காக வருவார்கள் என்று நினைத்தார். அவர் நல்லவர் என்று முன்பே சொல்லியிருக்கிறோம்.

மறுநாளே ஊர் ஒன்றுகூடி ரெஜினாவிடம் கோரிக்கை வைத்தது. வரிசை இவ்வளவு நல்லது என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது. அப்படியிருக்க, இவ்வளவு தூரம் நடந்து வந்து, கால் கடுக்க நின்றுதான் அதைப் பெற வேண்டுமா? படுத்தபடியே வரிசையில் நிற்க ஓர் ஏற்பாடு செய்து தர வேண்டும்.

பனிச்சேரியின் தொழில்நுட்பக் குழு அதையும் செய்து முடித்தது. வரிசைச்சில்லு என்று பெயர். காதுக்குப் பின்னால் பொருத்திக்கொண்டால் போதும். படுக்கையில் கண்ணை மூடியதும் நீங்கள் வரிசையில் நிற்பீர்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பேச்சு நடக்கும், காலில் இதமான வலிகூட வரும், ஆனால் உண்மையில் வலிக்காது. கலியபெருமாள் இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, ஊறப்போட எடுத்த காளானைத் திரும்பப் பெட்டியிலேயே போட்டார். பூங்காவனம் பெட்டியைத் திறந்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுத்து ஊறப்போட்டாள்.

வரிசைச்சில்லை யார் வேண்டுமானாலும் பொருத்திவிட முடியாது. நாடிதான் பொருத்த வேண்டும். நாடியின் அறை சுரங்கச் சரிவின் மேல்முனையில் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் சில்லு முதலில் வேண்டியிருந்தது. ஆகவே எல்லோரும் வந்து நின்றார்கள். வரிசை நாடியின் வாசலில் தொடங்கி, சரிவில் இறங்கி, காளான் அறைக்குள் போய் வளைந்து நின்றது. நிற்கிற நேரத்தில் சும்மா நிற்பானேன் என்று அத்தனை பேரும் ஆளுக்கொரு மூடி வாங்கி மென்றார்கள்.

நாடி நிதானமாக வேலை செய்தது. வருகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, நலம் விசாரித்து, அவர்கள் சொல்வதை முடியும்வரை கேட்டு, அதன்பிறகே கருவியை எடுத்தது. ரெஜினா பொறுக்க முடியாமல் போய், ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று கேட்டார்.

“வேகமாகச் செய்யும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. மெதுவாகச் செய்ய மருத்துவக் காரணம் இருக்கிறது.”

“எல்லாருக்கும் போட்டு முடிக்க எவ்வளவு காலம் ஆகும்?”

“இதே வேகத்தில் போனால், கடைசி ஆளுக்குப் பொருத்தும்போது முதல் ஆளின் சில்லு தேய்ந்திருக்கும். அவர் மறுபடியும் வந்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.”

ரெஜினா வெளியே நீண்டு கிடந்த வரிசையைப் பார்த்தார். வேகமாகச் செய் என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது. அதைச் சொல்லாமல் இறங்கி வந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

ஜெயக்கொடிக்கு முதல் நாள் வரிசையிலேயே சில்லு கிடைத்துவிட்டது. ஊர் பொறாமையோடு பார்க்க, காதுக்குப் பின்னால் பஞ்சு ஒட்டிய இடத்தைத் தொட்டுக்காட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். இரண்டு நாள் அவளைக் காணவில்லை. மூன்றாம் நாள் சரிவில் இறங்கி வந்தாள். அவள் முகம் சரியில்லை. சில்லில் குறை இருக்கிறது, நாடியிடம் சொல்ல வேண்டும் என்றாள். குறை சொல்லவும் இதே வரிசைதான் என்றார்கள். கடைசியில் போய் நின்றாள். கலியபெருமாள் மூடியை நீட்டி, அப்படி என்ன குறை என்று கேட்டார்.

“நான் பேசுனா எல்லாரும் கேக்கறாங்கண்ணே” என்றாள் ஜெயக்கொடி. அவள் குரலில் உண்மையான துக்கம் இருந்தது. “வாயத் தொறந்து ஒருத்தரும் குறுக்க பேசறதில்ல. தலைய ஆட்டி ஆட்டிக் கேக்கறாங்க. நான் சொல்றது பொய்யின்னு ஒருத்தனாவது சொல்லணுமா இல்லியா? இதுல பாருங்க, நேத்து என்னாச்சுன்னா...”

அவள் முடிக்கவில்லை. அதற்குள் அவளுக்குப் பின்னால் வந்து நின்ற அந்த இதய மருந்து முதியவர், வாயில் காளானோடு, அதெல்லாம் ஒன்றும் இல்லை, தனக்கு நேற்று நடந்ததுதான் பெரிய கதை என்று ஆரம்பித்துவிட்டார். ஜெயக்கொடி திரும்பி அவரை முறைத்தாள். பிறகு அவள் முகம் மெல்ல மலர்ந்தது. மூடியிலிருந்து ஒரு காதை எடுத்து வாயில் போட்டுக் கறுக்கென்று கடித்துக்கொண்டு, அவரை மடக்குவதற்குத் தோதாக நன்றாகத் திரும்பி நின்றாள்.